நாலாவது டிக்கெட்

தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம், கண்ணுல பட்டுருச்சு. அந்த மஞ்சப் பாலம், ரெண்டு பெரிய கல்லுக் கை தாங்கிப் பிடிச்சிருக்கே, வியட்நாம்தானே அது? நான் போயிருக்கேன். அந்தப் பாலத்து மேலயே நின்னுருக்கேன்.

குடும்பத்தோட போறீங்களா? யார் யாரு? அப்பா, அம்மா, நீங்க, சம்சாரம். நல்லது. நாங்களும் நாலு பேருதான் போனோம்.

தாராளமாப் போலாம். சிங்கப்பூரு, மலேசியான்னு போறதுக்கு ஆகறதுல பாதி கூட ஆகாது. நம்ம திருச்சியில ஏறினா நேரா அங்க இறங்கிரலாம். சாதுவான ஜனங்க. ரோட்டோரமா சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலு போட்டிருப்பாங்க, நம்ம பால்வாடிப் புள்ளைங்க உக்கார்ற மாதிரி. பெரிய பெரிய ஆளுங்க அதுல குந்திக்கிட்டு காபி குடிப்பாங்க. சைவம் வேணும்னா 'சாய்'னு கேளுங்க. டீயைக் கொண்டாந்து வச்சிருவாங்களோன்னு பயப்படாதீங்க, அங்க சாய்னா சைவச் சாப்பாடு. ரோட்டைத் தாண்டறதுதான் கஷ்டம். ஒரே மோட்டார் பைக்கு. நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. ஒரே வேகத்துல நடந்துக்கிட்டே இருந்தா அவங்களே ஒதுங்கிப் போயிருவாங்க.

நான் பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவன். முப்பத்தொரு வருஷம். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகணும், எப்ப உள்ளே வரணும், எல்லாம் என் கையில. வைத்திலிங்கம்னு கேட்டா பழைய டிரைவருங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. அந்தப் பழக்கத்துல டூருக்கும் நானே ஷெட்யூல் போட்டேன். எட்டு நாளு. ஒரு சார்ட் பேப்பர்ல கட்டம் கட்டி, காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கணும், எந்த வண்டியில யாரு பக்கத்துல யாரு உக்காரணும்ங்கற வரைக்கும் எழுதி வச்சிருந்தேன்.

ஆமா, யாரு பக்கத்துல யாருன்னு. சிரிக்காதீங்க. அதுக்காகத்தான் அந்த டூரே.

எனக்கு ஒரே பொண்ணு. கவின்மலர். முழுப் பேரும் வாய்ல நுழையலைன்னு அவங்கம்மா அதைக் கவியாக்கிட்டா. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு. கோயம்புத்தூர்ல மாப்பிள்ளை. ரகுநந்தன். பம்ப் கம்பெனியில இன்ஜினியர். மரியாதையான ஆளு தம்பி. நான் நின்னா அவரு உக்கார மாட்டாரு. என் கையில ஒரு பையி இருக்க விட மாட்டாரு. கல்யாணம் ஆகி மூணு வருஷம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்படித்தான் நான் நினைச்சேன்.

ஆவணியில ஒரு நாளு கவி ஒத்தைப் பையோட வந்து இறங்குச்சு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்ப்பான்னுச்சு. ஒரு வாரம் கழிச்சு, "இனிமே நான் அங்க போகலப்பா"ன்னுச்சு. ஏம்மான்னேன். "ஒத்து வரலப்பா." என்ன ஒத்து வரல, சட்டையா அளவெடுத்துத் தைக்கறதுக்குன்னு கேட்டேன். அது அவங்கம்மாவைப் பாத்துச்சு. பூரணி, என் சம்சாரம், "விடுங்க, அவளா சொல்லுவா. கொஞ்சம் பொறுங்க"ன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அடுப்படியில குசுகுசுன்னு பேசுவாங்க. நான் தண்ணி குடிக்கப் போனா பேச்சு நின்னுரும்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அழுதாரு தம்பி. "மாமா, எனக்கு அவதான் எல்லாமே. என்ன கோவம்னே தெரியல. நீங்கதான் சேத்து வைக்கணும்"னு அழுதாரு. ஒரு ஆம்பளை அப்படி அழுதா நமக்கு என்னமோ ஆயிருதில்ல? என் பொண்ணு என்கிட்ட அழவே இல்லை. அதனால அழுதவரு பக்கம் சாஞ்சுட்டேன்.

அந்த நேரத்துலதான் டிப்போவுல என் கூட இருந்த ஒருத்தரு குடும்பத்தோட வியட்நாம் போயிட்டு வந்து போட்டோ காட்டினாரு. அவரும் அவரு சம்சாரமும் வருஷக்கணக்கா முகம் கொடுத்துப் பேசாதவங்க. அந்தப் படத்துல கூம்புத் தொப்பி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பல்லு தெரியச் சிரிக்கறாங்க. எனக்குப் பொறி தட்டுச்சு. இடம் மாறினா மனசு மாறும். எட்டு நாள் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சா பேசித்தானே ஆகணும்?

கவிகிட்ட, நாம மூணு பேரும் ஒரு மாத்தத்துக்கு எங்கேயாச்சும் போயிட்டு வருவோம்மான்னேன். மூஞ்சி மலர்ந்துச்சு. சின்னப் புள்ளையில எப்படிச் சிரிக்குமோ அப்படி. நிசமாப்பான்னு கேட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே போய் ரெண்டு சுடிதார் எடுத்துட்டு வந்துச்சு.

டிக்கெட்டு மூணு போடலை. நாலு போட்டேன்.

திருச்சி ஏர்போர்ட்ல உள்ளே நுழையற வாசல்ல மாப்பிள்ளை நின்னாரு. புதுச் சட்டை, கையில மல்லிகைப் பூ. நான்தான் அங்கேயே நிக்கச் சொல்லியிருந்தேன். கவி அவரைப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு. எனக்கு அந்தப் பார்வை என்னன்னு அப்பப் புரியலை. திகைச்சுப் போயிருச்சு, சந்தோசம்தான் போலன்னு நினைச்சேன். அவங்கம்மாகிட்ட, "உனக்குத் தெரியுமாம்மா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. பூரணி இல்லைன்னு தலையாட்டினா. நான், "வாம்மா, லைன் பெருசாயிருச்சு, டைமாகுது"ன்னேன். கவி வந்துச்சு. சத்தம் போடலை, திரும்பிப் போகலை. பேசாம வந்துச்சு. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

விமானத்துல அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. நானும் பூரணியும் பின்னால.

முதல்ல சைகோன். காலையில நான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஓட்டல் வாசல்ல காபி குடிச்சுக்கிட்டிருந்தேன். கவி தனியா இறங்கி வந்து என் பக்கத்துல ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." வாட்சைப் பாத்தேன். ஏழே காலுக்கு வேன் வந்துரும், இன்னும் யாரும் குளிக்கலை. "வேன்ல பேசிக்கலாம்மா, போய்க் கிளம்பு"ன்னேன். வேன்ல அது பக்கத்துல மாப்பிள்ளை உக்காந்திருந்தாரு. எங்க பேசறது.

அங்க ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு தம்பி, கட்டாயம் போங்க. நம்ம கோயில்தான், ஆனா கும்பிடறது அந்த ஊரு ஜனங்க. ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. சன்னதிக்குப் பின்னால கல்லுச் சுவரு. அதுல நெத்தியை முட்டு கொடுத்து, கையை ஊணிக்கிட்டு, மனசுல உள்ளதை முணுமுணுன்னு சொல்றாங்க. சுவரு வழியா ஆத்தாளுக்குப் போயிரும்னு நம்பிக்கை. கவியும் போய் நெத்தியை வச்சுச்சு. ரொம்ப நேரம். பக்கத்துல நின்ன வியட்நாம் பொம்பளைங்க ரெண்டு செட்டு மாறிட்டாங்க, இது நெத்தியை எடுக்கவே இல்லை. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், டைம் ஆகுது கவின்னு. திரும்பினப்போ நெத்தியில கல்லோட சொரசொரப்பு பதிஞ்சு கிடந்துச்சு.

என்கிட்ட சொல்ல வந்ததைத்தான் அங்க சொல்லியிருக்கும். இப்பத் தெரியுது.

ரோட்டைத் தாண்டும்போது மாப்பிள்ளை அது மணிக்கட்டைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. கவி ஆன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. "பயப்படறா மாமா"ன்னு அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அதைப் போட்டோ கூட எடுத்தேன். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சிருக்கற படம்னு என் அக்கா தங்கச்சிக்கெல்லாம் அனுப்பினேன். எல்லாரும் ஹார்ட்டு போட்டாங்க.

நாலாம் நாளு ஹோய் ஆன். ஆத்தங்கரை ஊரு. தெருவெல்லாம் கலர் கலராத் துணி விளக்கு கட்டித் தொங்கும். நாங்க தங்கினது லான்னு ஒரு அம்மா நடத்தற சின்ன விடுதி. அம்பது வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. வந்ததும் எங்க நாலு பாஸ்போர்ட்டையும் வாங்கி மேசை டிராயர்ல வச்சுக்கிச்சு, அங்க அது வழக்கம். மாடியில ரெண்டு ரூம். ஒண்ணுல நாங்க, அடுத்ததுல அவங்க.

அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்குப் பரிசல் சவாரி. மழை பிடிச்சுக்கிச்சு. நவம்பர்ல அங்க அப்படித்தான், நீங்க நவம்பர்ல போகாதீங்க. சவாரி கிடையாதுன்னுட்டாங்க. நான் கட்டில்ல சார்ட்டை விரிச்சு, அடுத்த நாளு எப்படி மாத்தறதுன்னு எழுதிக்கிட்டிருந்தேன். பூரணி துணி மடிச்சுக்கிட்டிருந்தா.

பக்கத்து ரூம்ல பேச்சுச் சத்தம். முதல்ல அவரு குரலு. அந்தக் குரலை நான் அதுக்கு முன்னால கேட்டதில்ல. என்கிட்ட மாமா மாமான்னு பேசற குரலு இல்ல அது. அப்புறம் எதுவோ விழுந்துச்சு. அப்புறம்...

கேட்டுச்சு தம்பி. எனக்குக் கேட்டுச்சு. அந்தச் சுவரு மெல்லிசு, ஒரு தட்டி மாதிரி. அறையற சத்தம் எனக்குத் தெரியாதா? டிப்போவுல எத்தனை சண்டை பாத்திருக்கேன். என் பொண்ணு கத்தலை. மூச்சை உள்ளே இழுக்கற மாதிரி ஒரு சத்தம். திரும்ப ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை.

பூரணி எந்திரிச்சுட்டா. கதவுத் தாப்பாள்ல கையை வச்சுட்டா. நான்தான், "உக்காரு"ன்னேன். "என்னங்க, அவளைப் போட்டு..."ன்னா. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள நடக்கறது. இப்ப நீ போய் நின்னா அது ஜென்மத்துக்கும் ஒட்டாது. அவளா சமாளிச்சுக்குவா, உக்காரு பூரணி"ன்னேன். எந்திரிச்சு டி.வி.யைப் போட்டேன். ஏதோ அந்த ஊரு சீரியலு. ஆம்பளை, பொம்பளை, கிழவன் எல்லாருக்கும் ஒரே பொம்பளை குரல் கொடுத்துக்கிட்டிருந்தா. சத்தத்தை ஏத்தினேன். நல்லா ஏத்தினேன்.

பூரணி கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் உக்காந்துட்டா. நான் சொல்றது புரியுதா? அவளும் உக்காந்தாதானே. இன்னிக்கு எல்லாத்தையும் என் தலையில கட்டறாங்க. அவ கதவைத் திறந்திருக்கலாமே, நான் என்ன கையையா பிடிச்சு வச்சேன்?

சரி. விடுங்க.

சாயங்காலம் மழை விட்டுச்சு. எல்லாரும் கீழே வந்தோம். கவி அந்த ஊருக் கூம்புத் தொப்பியைப் போட்டுக்கிட்டு, முகம் தெரியாம இறக்கி விட்டிருந்துச்சு. "தொப்பி உனக்கு நல்லாருக்கும்மா"ன்னேன். அப்படித்தான் சொன்னேன் தம்பி, பொய் சொல்லலை.

லான் அம்மா மேசைக்குப் பின்னால இருந்து எந்திரிச்சு வந்துச்சு. யாரும் எதுவும் கேக்கலை. ஒரு துண்டுல ஐஸ் கட்டியைச் சுத்திக் கொண்டாந்து கவி கையில கொடுத்துச்சு. தொப்பியை லேசாத் தூக்கிப் பாத்துச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி அவங்க பாஷையில என்னமோ சொல்லுச்சு. நாலஞ்சு வார்த்தை. நிறுத்தி, நிதானமா, மூஞ்சியில சிரிப்பே இல்லாம. எனக்கு அந்தப் பாஷையில ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். கம் ஓன். நன்றின்னு அர்த்தம். "கம் ஓன், கம் ஓன்"னேன், கையெடுத்துக் கும்பிட்டு.

கவி சிரிச்சிருச்சு. அந்த டூர்ல அது சிரிச்சது அது ஒண்ணுதான். ஒரு பக்கத்து வாயிலதான் சிரிக்க முடிஞ்சுது, ஆனா சிரிச்சுச்சு. அப்பாடா, எல்லாம் சரியாயிருச்சுன்னு எனக்கு மனசு லேசாயிருச்சு.

மறுநாள் காலையில அந்தப் பாலம். மலைக்குப் போகணும். பூரணி, "எனக்கும் கவிக்கும் வயித்துக்குச் சேரலை. நீங்களும் மாப்பிள்ளையும் போயிட்டு வாங்க"ன்னா. ரொம்ப சாதாரணமாச் சொன்னா. எனக்கு ஒரு கலர் பனியன் எடுத்துக் கொடுத்து, குடையையும் கொடுத்து அனுப்பினா. கவி மாடி வராந்தாவுல நின்னுச்சு. நான் கையாட்டினேன். அது பாத்துக்கிட்டே நின்னுச்சு.

ரோப் கார்ல நானும் மாப்பிள்ளையும் மட்டும். சுத்திலும் மேகம், கீழே ஒண்ணும் தெரியலை. நான் கேட்டேன் தம்பி. கேக்கலைன்னு யாரும் சொல்லக் கூடாது. "நேத்து என்னமோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே மாப்பிள்ளை"ன்னேன். அவரு என் கண்ணைப் பாத்து, "சூட்கேஸ் விழுந்துருச்சு மாமா"ன்னாரு. "அதானே"ன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நல்லா வளத்திருக்கீங்க மாமா, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னாரு. அதுக்கும் தலையாட்டினேன். பாலத்து மேல என்னை நிக்க வச்சுப் பத்துப் பன்னெண்டு படம் எடுத்தாரு.

திரும்பி வந்தப்போ மணி நாலு. ரூம் ரெண்டும் பூட்டியிருந்துச்சு. கீழே போய் லான் அம்மாகிட்ட சாவி கேட்டோம். அது டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில வச்சுச்சு. ரெண்டு. என்னோடது, மாப்பிள்ளையோடது. நான் நாலு விரலைக் காட்டினேன், நாலு கொடுத்தோமேன்னு. அது தலையாட்டிட்டு ரெண்டு விரலைக் காட்டுச்சு. அப்புறம் ஒரு தாளை நகத்தி வச்சுச்சு. என் சார்ட் பேப்பர்ல ஒரு ஓரத்தைக் கிழிச்சு பூரணி எழுதியிருந்தா. 'நானும் கவியும் கிளம்பறோம். தம்பி டிக்கெட் போட்டுட்டான். எங்க பின்னால வராதீங்க. பிரஷர் மாத்திரை கறுப்புப் பையில இருக்கு.' தம்பின்னா அவ தம்பி, கோயம்புத்தூர்ல இருக்கான். எனக்குத் தெரியாம முந்தின நாளு சாயங்காலமே பேசியிருக்காங்க.

பூரணி முப்பத்தி மூணு வருஷத்துல தனியா சமயபுரம் கூடப் போனவ இல்லை தம்பி. மளிகைக் கடைக்குப் போனாக்கூட சொல்லிட்டுத்தான் போவா. அவ எப்படி வெளிநாட்டுல, பாஷை தெரியாத ஊர்ல, ரெண்டு விமானம் மாறி, கொச்சியில போய் இறங்கினாளோ.

நான் அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நிக்கறேன். மாப்பிள்ளை அந்தம்மாவைப் பாத்துக் கத்தினாரு. எங்க அனுப்பினே, யாரைக் கேட்டு அனுப்பினேன்னு மேசையைக் குத்தினாரு. அந்தம்மா அசையவே இல்லை. நான், "மாப்பிள்ளை, பொறுங்க"ன்னு தோள்ல கையை வச்சேன். திரும்பி என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சான். "உன் பொண்ணு எங்கடா?"

என்னைப் போயி 'டா'ன்னு சொன்னான். பிடிச்ச பிடியிலேயே பின்னால தள்ளினான். வாசப்படி மழையில ஈரமா இருந்துச்சு. விழுந்ததுல மணிக்கட்டு எலும்பு விட்டுருச்சு. அந்தம்மாதான் வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டுக் கொண்டாந்துச்சு. வண்டியில என் பக்கத்துல உக்காந்து, என்னோட இன்னொரு கையைப் பிடிச்சுக்கிச்சு. நான் அழுதேன். எலும்பு வலிக்குதுன்னு நினைச்சிருக்கும்.

நான் திரும்பி வந்த டிக்கெட்டு அவனோட டிக்கெட்டு கூடத்தான். மாத்தத் தெரியலை, மாத்த ஆளும் இல்லை. ஒரு கையில கட்டோட நாலரை மணி நேரம் அவன் பக்கத்துல உக்காந்து வந்தேன். அவன் தூங்கிட்டான். சாப்பாட்டுத் தட்டை என்னால பிரிக்க முடியலை. அப்படியே வச்சிருந்தேன், எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் கோர்ட்டு. கோயம்புத்தூர்ல கவி விவாகரத்துக்குப் போட்டுச்சு, கொடுமை பண்ணினான்னு. அவன் மறுத்தான். ஒரு நாளும் கை வைக்கலை, பொண்ணுக்கு வேற நினைப்புன்னு எழுதிக் கொடுத்தான். கவியோட வக்கீலம்மா எனக்குப் போன் பண்ணாங்க. "சார், நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னிக்கு மத்தியானம் பக்கத்து ரூம்ல உங்களுக்கு என்ன கேட்டுச்சோ அதை மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. சரின்னேன். சொல்லணும்னுதான் போனேன். அம்மா சத்தியமா அதுக்குத்தான் போனேன்.

கூண்டுல ஏறி நின்னா, கேட்டுச்சுன்னு சொல்ல வாய் வரலை. கேட்டுச்சுன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? கேட்டுச்சே, நீங்க என்ன பண்ணீங்க? அதுக்கு என்கிட்ட என்ன பதில் இருக்கு? அத்தனை பேரு முன்னால? "டி.வி. ஓடிக்கிட்டிருந்துச்சுங்கம்மா. சரியாக் கேக்கலை"ன்னேன். ஜட்ஜம்மா எழுதிக்கிட்டாங்க.

வெளியில வராந்தாவுல கவி தண்ணி குடிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் கிட்டப் போய், "அம்மாடி, நான் பொய் சொல்லலைம்மா. டி.வி. ஓடுச்சு"ன்னேன்.

"ஆமாப்பா, ஓடுச்சு"ன்னுச்சு. கோவமே இல்லை. லேப்ல வந்தவங்களுக்கு ரிசல்ட்டைச் சொல்லுமே, அந்தக் குரல்ல சொல்லுச்சு. "நீங்க சத்தத்தை ஏத்தினது எனக்குக் கேட்டுச்சு. அதுவரைக்கும் கதவைத் தட்டுவீங்க தட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." டம்ளரைக் கவுத்து வச்சுட்டுப் போயிருச்சு.

அடுத்த வாய்தாவுக்கு நானும் போயிருந்தேன், பின்னால உக்காந்திருந்தேன். லான் அம்மா கடுதாசி அனுப்பியிருந்துச்சு. கவியும் அந்தம்மாவும் போன்ல மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசிக்குவாங்களாம். கூட கவியோட முகத்தை அன்னிக்கே எடுத்த படம். கடுதாசியை இங்கிலீஷ்ல மாத்தி வக்கீலம்மா படிச்சாங்க, அப்புறம் தமிழ்லயும் சொன்னாங்க. 'நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்டது. மேலே ஓடினேன். படியில் பாதி ஏறும்போது அடுத்த அறையில் தொலைக்காட்சி சத்தமாக வந்தது. அந்த அறையில் அவள் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் போவார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அதற்காக அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

யாரு மன்னிப்புக் கேட்டது பாத்தீங்களா தம்பி.

அதுக்கப்புறம் அவன் வக்கீலே, சம்மதத்தோட முடிச்சுக்கலாம்னு வந்துட்டாரு. போன தையில முடிஞ்சுது. கவி கோயம்புத்தூர்லயே ஒரு ஆஸ்பத்திரி லேப்ல சேந்துருச்சு. பூரணியும் அது கூடத்தான். ரெண்டு ரூம் வீடு. நான் மாசம் ஒரு தடவை வருவேன். பூரணி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவா. டீ குடிப்போம். மாத்திரை போடறீங்களான்னு கேப்பா. அரை மணி நேரத்துல, கவி வர்ற நேரமாச்சும்பா, போயிருவா. வீட்டுக்கு வாங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் கேக்கலை.

காங்கேயம் தாண்டியாச்சா? பல்லடமே வந்துருச்சா. பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை.

போன வாரம் பூரணி போன் பண்ணா. "கவிகிட்ட கேட்டேங்க. வீட்டுக்கு வரச் சொல்லுன்னா." என்ன சொன்னா, அவ சொன்ன மாதிரியே சொல்லுன்னேன். "'வரட்டும்மா. ஆனா நான் எதுவும் பேச மாட்டேன். அவரு பேசட்டும், நான் கேக்கறேன். பாதியில எந்திரிச்சுப் போனா என்னைத் தடுக்கக் கூடாது.' இவ்ளோதாங்க சொன்னா."

அன்னியிலிருந்து வீட்டுல தனியா உக்காந்து பேசிப் பேசிப் பாக்கறேன். எங்க ஆரம்பிச்சாலும், ஏன் அப்படிச் செஞ்சேன்ங்கறதுலயே போய் முடியுது. மாப்பிள்ளை அழுதாரு, அதனால. குடும்பம் ஒட்டணும், அதனால. பூரணி நேத்து, "காரணத்தையெல்லாம் வீட்டுலயே வச்சுட்டு வாங்க"ன்னா. அதை வச்சுட்டா அப்புறம் என்கிட்ட சொல்ல என்ன இருக்கு? கேட்டுச்சு, உக்காந்திருந்தேன். ரெண்டே வார்த்தை.

நீங்க முகம் தெரியாத ஆளு, உங்ககிட்ட சொல்லியாச்சு. 'கேட்டுச்சு'ன்னு என் வாயால சொன்னது இன்னிக்குத்தான். ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் சுலபமா வரும்னு நினைச்சேன். வராது போல இருக்கு.

அந்தா, சிங்காநல்லூரு. நீங்க காந்திபுரமா? இருங்க, இருங்க, நான் எந்திரிச்சுக்கறேன். அங்க கடை ஓரமா பாருங்க, பச்சைப் புடவை, அதான் என் சம்சாரம். பக்கத்துல நிக்கறது... கண்ணாடி போடாம எனக்குத் தெரியலை, பக்கத்துல யாராச்சும் நிக்கறாங்களா தம்பி? தனியாத்தான் நிக்கறாளா?

சரி. வீட்டுக்குத்தானே வரச் சொன்னா, பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் வரப் போவுது. வீட்டுலதான் இருக்கும்.

இருக்கும், இல்ல தம்பி?